லூதரின் வலது சுட்டுவிரல்

1884, ஏப்ரல் 17

காலையில் கொதிகலன் வகுப்பு. மாலையில் மைதானம், கணுக்கால் வரை சேறு.

இந்த ஆண்டிலிருந்து பேஸ்பாலில் பந்தைத் தோளுக்கு மேலே கை தூக்கி வீசலாம். பந்து வீசுகிற மற்ற பிட்சர்கள் புலம்புகிறார்கள். எனக்கு இது நெம்புகோல் கணக்கு. இரண்டு வாரத்தில் பிடித்துவிட்டேன்.

சிக்கல் என் கையில் இல்லை. ஐம்பதடி தள்ளி நின்று என் பந்தைப் பிடிக்கிற கேட்சரின் கையில். கேட்சர் தாங்குகிற வேகம்தான் பிட்சரின் வேகம். இந்தக் கல்லூரியில் என்னைத் தாங்குகிறவன் லூதர் கிம்பல் ஒருவன்தான். விரல்நுனி வெட்டிய மெல்லிய தோல் கையுறை, உள்ளே கசாப்புக் கடையில் வாங்கிய ஒரு துண்டு பச்சை மாட்டிறைச்சி. அவனுக்கு இருக்கிற காப்பு அவ்வளவுதான்.

"வார்ட்வெல், பந்து வீசுறியா, இல்ல என் மேல ஏதும் கோபமா?" என்றான்.

"பிடிக்க முடியலேன்னா சொல்லு."

"முடியலேன்னு யாரு சொன்னா? உள்ள இறைச்சி வெந்துடுச்சு, அதான் கேட்டேன்."

மே 9

லூதருக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. செப்டம்பரில் போகிறான். கத்தி பிடிக்கிற மருத்துவன்தான் ஆவேன் என்கிறான், வேறெதுவும் வேண்டாமாம். இந்த விரல்களை வைத்துக்கொண்டா? கேட்டேன். சிரித்தான். ஜூன் 14 ஆட்டம் அவனுக்குக் கடைசி.

மே 23

பயிற்சியில் வேகத்தைக் குறைத்தேன். லூதர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு நேராக என்னிடம் வந்தான். "எனக்குப் பிச்சை போடாதே. நான் கேக்கறதை வீசு."

லூதர் தன் முழங்காலில் கை வைத்தால் வேகப்பந்து. தொப்பியைத் தொட்டால் வளைபந்து. அவன் எது கேட்கிறானோ அதற்குத்தான் கையை வைத்திருப்பான். வேறொன்று வந்தால் விரல் போகும். இது எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்.

ஜூன் 14

ஜெயித்தோம்.

ஏழாவது சுற்றில் பந்து என்னிடம் திரும்பி வந்தபோது ஈரமாக இருந்தது. ரத்தம். ஆட்டம் முழுக்க ஒரே பந்துதான், மாற்ற முடியாது. கால்சட்டையில் துடைத்தேன். லூதர் இடது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். கேப்டன் ஸ்டாடர்டிடம் ஓடினேன்.

"கிம்பல் நிறுத்தச் சொன்னானா?"

"சொல்ல மாட்டான்."

"அப்போ வீசு."

கடைசிச் சுற்று. ஒரு ஓட்டம்தான் முன்னிலை. எதிரணியில் இரண்டு பேர் அவுட், மூன்றாமவன் இன்னும் ஒரு பந்தைத் தவறவிட்டால் ஆட்டம் எங்களுக்கு. லூதர் முழங்காலில் கை வைத்தான். வேகம். அந்தக் கிழிந்த கைக்கா? நான் மெதுவாக, கீழே விழுகிற வளைபந்தை வீசினேன். அடிக்க வந்தவன் முன்னாலேயே மட்டையைச் சுழற்றி ஏமாந்தான். வேகத்துக்காக நெஞ்சளவில் கை வைத்திருந்த லூதரும் ஏமாந்தான். கடைசி நொடியில் கையைத் தாழ்த்தினான். பந்து வலது சுட்டுவிரல் நுனியில் நேராக இறங்கியது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. கேட்சர் பிடிக்காமல் விட்டால் அடிக்க வந்தவன் முதல் தளத்துக்கு ஓடலாம்; ஓடினான். லூதர் விழுந்த பந்தை அதே கையால் எடுத்து, அவனுக்கு முன்னால் அங்கே போய்ச் சேர எறிந்தான். அவுட். எங்கள் இரண்டு பேரையும் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஜூன் 15

வியர்வையில் கை வழுக்கிவிட்டது என்று அவனிடம் சொன்னேன். தலையசைத்தான்.

ஜூலை 2

எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. நடு மூட்டு மடங்காதாம். கத்தி பிடிக்க முடியாது.

இருந்தாலும் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறானாம், ஜுரம் இருமல் பார்க்கப் படிக்கலாமே என்கிறான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவன் அறை வரை போனேன். பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். கயிற்றை இறுக்கப் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

1885, மே 30

புது கேட்சர். இந்தப் பருவத்தில் ஆறு ஆட்டம், ஆறிலும் வெற்றி. என் பெயர் பாஸ்டன் செய்தித்தாளில். கத்தரித்து வைக்கவில்லை.

1886, ஜூன் 5

தோளில் ஏதோ அறுந்தது. சீப்பைத் தலை வரை தூக்க முடியவில்லை. அந்த நெம்புகோல் கணக்கில் தசைநாரைச் சேர்க்க மறந்திருக்கிறேன். இனி வீச முடியாது. அழவில்லை. என்னவோ சரியாகத்தான் நடந்திருக்கிறது என்று தோன்றியது — இது முட்டாள்தனம், தெரியும்.

1891, அக்டோபர் 12

ரயில் எஞ்சின் பட்டறையில் தகடு நழுவி இடது உள்ளங்கை கிழிந்தது. ஃபோர்மன் என்னை இழுத்துக்கொண்டு போய் நிறுத்திய வாசல் லூதருடையது. இதே ஊரில் அவன் வைத்தியம் பார்ப்பது எனக்கு ஒரு வருடமாகத் தெரியும். வேறு தெரு வழியாகத்தான் நடந்துகொண்டிருந்தேன்.

அவன் என் கையை விளக்கடியில் பிடித்துக்கொண்டான். அவனோடு சேர்ந்து வைத்தியம் பார்க்கிற ஹேல் தைத்தான். "இன்னும் கொஞ்சம் ஆழமா போ" என்று லூதர் சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் சுட்டுவிரல் மட்டும் என் மணிக்கட்டைத் தொடாமல் நீட்டிக்கொண்டு நின்றது.

"லூதர், அன்னிக்குக் கை வழுக்கல."

நிமிரவில்லை. "தெரியும்."

"எப்போ?"

"பந்து பாதி தூரம் வர்றதுக்குள்ள. வழுக்கின பந்து அவ்வளவு ஒழுங்கா விழாதுடா."

"ஏன் கேக்கல?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன்."

ஹேல் ஊசியோடு நின்றுவிட்டான். "நீ ஏன் நிறுத்தினே? இன்னொரு தையல் போடு. இவன் அவசரக்காரன், பிரிச்சுக்குவான்" என்றான் லூதர்.

வியாழக்கிழமை கட்டு மாற்ற வரச் சொல்லியிருக்கிறான். அன்றைக்கு ஹேல் ஊரில் இல்லை. தானே மாற்றுவதாகச் சொன்னான். அந்த விரலோடு கட்டக் கொஞ்சம் நேரமாகுமாம், உட்கார வேண்டியிருக்குமாம்.

உட்காருகிறேன் என்றேன்.