படியில் கீழ்ப்பக்கம்

தரணிக்கு,

போனில் பேசினால் உங்கம்மா பக்கத்திலேயே இருப்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

சித்தூரில் நடந்த ஆம்புலன்ஸ் ஊழியர் உடல் தகுதித் தேர்வில் நானும் உன் அண்ணனும் பாஸாகிவிட்டோம். எண்பது கிலோ பொம்மையை ஸ்ட்ரெச்சரில் வைத்து மாடியிலிருந்து இறக்க வேண்டும். படியில் கீழே நிற்பவனுக்குத்தான் பாரம் அதிகம். பைக்கிலிருந்து விழுந்தது முதல் உன் அண்ணனுக்கு வலது கையில் பிடி இல்லை. உங்கள் யாருக்கும் அது தெரியாது.

"மாப்ள, கீழ நீ நில்லு. நான் சும்மா புடிச்சிக்கினு வர்றேன்" என்றார். நின்றேன்.

அதிகாரி கைதட்டினார். "சூப்பர் ஜோடி! இனிமே திருப்பதி ரூட்ல ரெண்டு பேரும் ஒரே வண்டி." உன் அண்ணன் சிரித்தார்.

உண்மையைச் சொன்னால் இருவருக்கும் வேலை போகும். நான் லீவு போட்டால் அவர் கை விஷயம் தெரியாத வேறொருவனோடு தூக்குவார். நோயாளி படியில் உருளுவார். அவரிடமே சொல்லிப் பார்த்தேன். "நீதான் கீறியே மாப்ள, அப்புறம் இன்னா?" என்கிறார்.

பிரசவத்துக்கு எப்போது வருவேன் என்று இனிமேல் கேட்காதே. அலுவலக வேலைக்கு மாற்றல் கேட்கும்படி அவரிடம் நீ பேசு. நீ சொன்னால்தான் கேட்பார். அதுவரை, குழந்தையே பிறந்தாலும் நான் உங்கம்மா வீட்டுக்கு, பிச்சாட்டூர் பஸ் ஏற முடியாது.

உன் வீட்டுக்காரன்