சுவருக்குப் பின்னால் ஒரு அறை

என் தங்க நைனாவுக்கு,

நேற்று அம்மா ஒரு விஷயம் சொன்னாள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் முதலிலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்கு வரும்.

ஷூ கம்பெனியில் உன்னை வேலையை விட்டு நிறுத்தியபோது எனக்குப் பத்து வயது. பார்க்கிறவர்களெல்லாம் "இப்ப எங்க வேலை?" என்று கேட்டதில், நீ ஆம்பூர் கடைத்தெருவுக்குப் போவதையே விட்டுவிட்டாய். அம்மா பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வரும்வரை வீட்டில் நீ மட்டும்தான். மாமா எனக்கென்று வாங்கிவந்த டிவி கேமை என்னைவிட நீதான் அதிகம் ஆடினாய்.

கோட்டைக்குள் ஒரு குட்டி வீரன் ஓடிக் குதிக்கிற ஆட்டம். ஒருநாள் மூலைச் சுவரை ஒட்டி அவனைக் குனிந்து குதிக்க வைத்தாய். அவன் சுவருக்குள் புகுந்து அந்தப் பக்கம் விழுந்தான். இருட்டு அறை. எதிரி இல்லை, வாசல் இல்லை. பாட்டும் நின்றுவிட்டது.

"நைனா, இது இன்னா எடம்?"

"தெர்ல கண்ணு. ஆட்டத்தைச் செஞ்சவன் மூடி வெச்சிட்டுப் போய்ட்டான் போல."

ஆஃப் செய்தால்தான் வெளியே வர முடிந்தது. எனக்குப் பேஜாராகிவிட்டது. நீயோ தினமும் அங்கேயே போய் விழுந்தாய். வீரனைச் சும்மா நிற்க வைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாய்.

"ஏன் நைனா அங்கயே போற?"

"இங்க யாரும் வந்து ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

எனக்குப் பயமாக இருந்தது. வகுப்பில் எல்லாரிடமும் வெளியே வர வழி கேட்டேன்.

நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து, உன்னை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் என் வகுப்பு ஷாஹினா வழி சொன்னாள். அவள் அண்ணனும் ஆட்டத்தில் அந்த இருட்டு அறைக்குள் விழுந்திருக்கிறான். "இடது சொவத்த ஒதச்சிக்கினே இருக்கணுமாம்டி." வீட்டில் செய்து பார்த்தேன். சுவர் திறந்தது நைனா! அந்தப் பக்கம் ஒரு ஆறு. நல்ல வெயில்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் பிள்ளைகளை விடவில்லை. அம்மாவிடம் சொல்லி அனுப்பினேன். திரும்பி வந்து, "சொன்னேன்டி. சிரிச்சாரு" என்றாள். மறுநாள் உன் உடலைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தினார்கள்.

அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டுதான் படித்தேன், வேலைக்குப் போனேன். அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். நேற்று கல்யாணச் சேலைகளை மடிக்கும்போது கேட்டேன்: "அன்னிக்கு நைனா எப்பிடிம்மா சிரிச்சாரு?"

அம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் உள்ள போறதுக்குள்ளயே அவருக்கு நெனவு போய்ட்ச்சு எஸ்தரு. வெளிய வந்தா நீ என் மொகத்தையே பாத்துக்கினு நிக்கிற. நான் இன்னான்னு சொல்லுவேன்?"

அப்படியென்றால் உனக்கு அந்த வழி தெரியவே தெரியாதா நைனா? கடைசிவரைக்கும் அங்கேயேதான் இருந்தாயா?

எனக்குக் கோபம்தான் வந்தது. அம்மா அழவில்லை. மடித்த சேலையைப் பிரித்துத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். உன்னை இழந்துகொண்டிருந்த நேரத்தில், எனக்காக ஒரு சிரிப்பை உண்டாக்கிக்கொண்டு வெளியே வந்திருக்கிறாள். இத்தனை வருஷம் அதை யாரிடமும் சொல்லாமல் எப்படி இருந்தாள்? என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு நான் ஜோலார்பேட்டையில் இருப்பேன். மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை. "அத்தையும் நம்மோட வரட்டும்" என்று அவரே சொல்லிவிட்டார். அம்மாதான், "நான் வர்ல, எனக்கு இன்னா கொறச்சல் இங்க?" என்கிறாள். விட மாட்டேன். அவள் சரி என்கிறவரை சனிக்கிழமைதோறும் வந்து கேட்பேன். அவளைத் தனியாக உட்கார விட மாட்டேன் நைனா. இது சத்தியம்.

உன் ஒரே மகள்,
எஸ்தர்