முத்தலிபின் குரலில் ஐந்து நிமிடம்

செப்டெம்பர் 9, செவ்வாய்

இடைவேளையில் ஆசிரியர் அறையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி கிணுங்கியது. ‘ஐந்து நிமிடப் பாடம்’ வீடியோ சனலில் புதிய பாடம் வந்திருக்கிறதாம். எனக்குப் புரையேறிவிட்டது.

எப்படி வரும்? அந்தச் சனலை நடத்தியது நானும் முத்தலிபும். அவன் வரலாறு, இலக்கியம், கடைசியில் ஒரு புதிர். நான் விஞ்ஞானம். அவனை அடக்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கடவுச்சொல் அவனிடம் மட்டும்தான் இருந்தது.

திறந்து பார்த்தேன். “என்ன புள்ளையள், சாப்பிட்டீங்களா?” — அவனேதான். அந்த இழுவை, அந்தச் சிரிப்பு. பாடம் சந்திர கிரகணம். ஞாயிறு இரவு நடந்த கிரகணம்! “பள்ளிவாசல் மைக்ல கிரகணத் தொழுகைக்குக் கூப்பிட்டாங்களே, கேட்டீங்களா?” என்கிறான். மண்ணுக்குள் இருப்பவன் எப்படிக் கேட்டான்?

படங்கள் கையால் கீறியவை. ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே சிவந்த சந்திரன்.

செப்டெம்பர் 11, வியாழன்

ஒருவர் பேசிய பதிவுகளைக் கணினிக்குக் கொடுத்தால் அவர் பேசாததையும் அதே குரலில் பேசுமாம். பத்தாம் ஆண்டுப் பிள்ளையே எனக்கு விளக்கிவிட்டது. ஆக, யாரோ என் கூட்டாளியின் குரலைத் திருடியிருக்கிறான்.

செப்டெம்பர் 18, வியாழன்

இரண்டாவது பாடம். பிரிட்ஜிலிருந்து எடுத்த போத்தல் ஏன் வேர்க்கிறது? இதுவும் விஞ்ஞானம். என் பாடம்! செத்தவனின் குரலும் போதாதென்று என் பாடத்திலும் கை வைத்துவிட்டான். பிழை ஏதும் இருக்கும் என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். இல்லை. அது இன்னும் எரிச்சல்.

முத்தலிபின் மனைவி றுகையா ரீச்சரிடம் கேட்கலாம். ஆனால் அவர் இத்தாவில் இருக்கிறார். கணவன் மௌத்தாகி நாலு மாதமும் பத்து நாளும் கழியும்வரை வெளியே வரமாட்டார், அந்நிய ஆண்களோடு கதைக்கவும் மாட்டார். கேட்க முடிந்தாலும், வீட்டுக்குள் அழுதுகொண்டிருக்கும் மனிசியிடம் இந்த அசிங்கத்தைக் கொண்டுபோவதா?

நிஸாம்தான். கல்முனையில் பெரிய டியூட்டரி வைத்துத் தனியார் வகுப்பு நடத்துகிறான். எங்கள் பாடங்களைத் தன் டியூட்டரிக்குத் தரச்சொல்லி முத்தலிபின் பின்னால் அலைந்தவன். முத்தலிப் மறுத்துவிட்டான். வேறு யாருக்குத் தேவை?

செப்டெம்பர் 26, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளி வாசலில் நிஸாமைப் பிடித்தேன். நாலு பேர் பார்க்கத்தான் கேட்டேன். “மௌத்தான மனிசன்ட குரல வெச்சி வியாபாரம் பண்ணுற உனக்கு வெக்கமில்லையா?”

அவன் செருப்பைப் போட்டபடி என்னை ஏற இறங்கப் பார்த்தான். “மச்சான், நான் களவெடுத்திருந்தா என்ட பேரைப் போட்டு, என்ட படத்தையும் போட்டு, பஸ் ஸ்டாண்டில போர்ட் அடிச்சிருப்பன். ஒளிஞ்சிருந்து பாடம் நடத்துற அளவுக்கு எனக்கென்ன பைத்தியமா?”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், ஆனால் முகம் கறுத்துவிட்டது. சலாம் சொல்லாமல் போனான்.

சிரித்ததை வைத்து நம்பிவிடுவேனா என்ன.

ஒக்டோபர் 4, சனி

மேசை லாச்சியிலிருந்த நிறப் பேனைப் பெட்டியைக் காணவில்லை. றாஹிலாவிடம் கேட்டேன். “ஒரு ஆளுக்குக் குடுத்த,” என்றாள். யாருக்கு? “தேவைப்பட்ட ஆளுக்கு.” கலியாணம் முடித்த நாளிலிருந்து எனக்கு இப்படி மறுமொழி சொன்னதில்லை.

றுகையா ரீச்சர் வீட்டுக்குக் கறி கொண்டு போகிறாள், வருகிறாள். அங்கே என்ன கதைத்தீர்கள் என்றால் “பொம்புளையள்ற கதை” என்கிறாள். என் வீட்டுக்குள்ளும் ஏதோ நடக்கிறது.

உங்களுக்குச் சந்தேகப் புத்தி என்கிறாள். புத்தி இருப்பதையாவது ஒப்புக்கொண்டாளே.

ஒக்டோபர் 15, புதன்

மூன்றாவது பாடம். கடிகாரம் இல்லாத காலத்தில் மனிதர் நிழலை வைத்து நேரம் பார்த்த வரலாறு. சுவரில் ஜன்னல் கம்பியின் நிழல் காலையிலிருந்து அசர் தொழுகை நேரம்வரை எப்படி நகர்கிறது என்று கீறிக் காட்டியிருக்கிறான். கீழே பிள்ளைகள் ‘முத்தலிப் சேர் நல்லம்’ என்று எழுதியிருக்கிறார்கள். முத்தலிப் சேராம்!

ஒன்று கவனித்தேன். முத்தலிப் வீட்டுக்குள் நின்று பாடம் எடுத்தவனே அல்ல. கடற்கரை, வயல் வரம்பு, காரைதீவுச் சந்தி, கோமாரித் தென்னந்தோப்பு, எங்கெல்லாமோ என்னை இழுத்துக்கொண்டு போவான். இந்தக் கள்ளனுக்கோ ஜன்னல், போத்தல், சுவர். வெளியில் முகம் காட்டப் பயந்தவன்.

பொறுத்தது போதும். சனல் இருக்கும் தளத்தின் கம்பனிக்கு மூன்று பாடங்கள் மீதும் முறைப்பாடு எழுதிவிட்டேன். கிரகணப் பாடத்தில் கீறியிருக்கும் கோட்டுப்படம் எங்கள் பழைய பாடமொன்றுக்கு நான் அமைத்தது. அந்த உரிமையில் எழுதினேன். ‘உரிமையாளர் காலமாகிவிட்டார், இது திருட்டு’ என்றும் சேர்த்தேன்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

சனலை மூடிவிட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

ஒக்டோபர் 20, திங்கள்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ரீச்சர் வீட்டிலிருந்து வந்த றாஹிலா அபாயாவைக் கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தாள். கண் சிவந்திருந்தது.

“ஆரோ ஒரு நாசமாப் போவான் ரீச்சர்ர பாடத்தையெல்லாம் நிப்பாட்டிப் போட்டான்.”

“எந்த ரீச்சர்ர?”

“றுகையா ரீச்சர்ரதான். இனி ஒளிச்சு என்ன. அவதான் எழுதின, அவதான் கீறின. இத்தாவில இரிக்கக்குள்ள தன்ட குரல் ஊரெல்லாம் கேக்கிறது சரியில்லண்டு நினைச்சா. புள்ளையளுக்குச் சோதினை வருதே, அதுக்காக மகள் அப்னா வாப்பாட பழைய பதிவுகள வெச்சிக் கம்பியூட்டர்ல அந்தக் குரலைச் செஞ்சு குடுத்திரிக்கா.”

“எனக்கேன் சொல்லல்ல?”

“அமானிதமா, ஒருத்தருக்கும் சொல்லப்படாதெண்டு சொன்னது. நான் எப்படிச் சொல்ற? பாடத்த முடிச்சிப்போட்டுத் தானும் கேப்பாவாம். அவர்ர குரல்ல புதுசா ரெண்டு வார்த்தை. அதையும் பறிச்சிட்டானுவள்.”

ஜன்னல். போத்தல். சுவரில் நிழல். பள்ளிக்குப் போகாமல் மைக்கில் மட்டும் கேட்ட தொழுகை அழைப்பு. வெளியில் வரப் பயந்தவன் அல்ல, வெளியில் வரக்கூடாதவர்! எல்லாம் கண்ணுக்கு முன்னால் கிடந்தது. நான் கள்ளனைத் தேடினேன், அதனால் கள்ளனையே கண்டேன்.

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். “பிளேன்ரீ ஊத்தட்டா?” என்றாள். ஓம் என்றேன்.

ஒக்டோபர் 21, செவ்வாய்

முறைப்பாட்டை மீளப் பெறுவதாக எழுதினேன். பதில் இல்லை.

நவம்பர் 5, புதன்

சனல் திரும்ப வந்துவிட்டது. பழைய பாடங்கள் எல்லாம் இருக்கின்றன. புதியது எதுவும் வரவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

நிஸாமின் டியூட்டரிக்குப் போனேன். “பிழை என்ட பக்கம்,” என்றேன். “அதப் பள்ளி வாசல்ல வெச்செல்லா சொல்லோணும், எங்க வெச்சிக் கேட்டியோ அங்க,” என்றான். நியாயம்தான். ஜும்ஆ முடிந்து, அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால் சொன்னேன். காது சுட்டது. தோளில் தட்டிவிட்டுச் சலாம் சொன்னான்.

வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது: “சேர், முத்தலிப் சேர்ர பாடம் இனி வராதா?” பதினோராம் ஆண்டு, பெப்ரவரியில் பொதுப் பரீட்சை. தெரியாது மகள் என்றேன்.

நவம்பர் 28, வெள்ளி

மழை விடவில்லை. பாடசாலை மூடியாயிற்று. பிள்ளைகள் வீட்டில் சும்மா இருக்கிறார்கள். ரீச்சரும் அறைக்குள் சும்மா இருக்கிறார். என்னால்.

டிசெம்பர் 27, சனி

நேற்றோடு றுகையா ரீச்சரின் இத்தா முடிந்தது. இன்று மத்தியானம் கைப்பேசி கிணுங்கியது.

கடற்கரை! ஈர மணலில் ஒரு கை குச்சியால் கோடு கீறுகிறது. அலை வந்து அழிக்கிறது. திரும்பக் கீறுகிறது. “அஸ்ஸலாமு அலைக்கும். நான் றுகையா.” கொஞ்சம் நடுங்கும் குரல், பிறகு நடுங்கவில்லை. மழைக்காலத்தில் கடல் ஏன் கரையை அரிக்கிறது என்பது பாடம். முடிவில் சொல்கிறார்: “அடுத்த விஞ்ஞானப் பாடத்த ஜவாத் சேர் சொல்லித் தருவார். இது அவர்ர பாடம்.”

என் பெயர்! ஏன் என் பெயர்? இதில் ஏதும் உள்குத்து இருக்குமோ என்றுதான் முதலில் ஓடியது. என் புத்தி அப்படி. றாஹிலாவைக் கூப்பிட்டேன்.

“ரீச்சருக்குத் தெரியுமா?”

“என்ன தெரியுமா? முறைப்பாடு வந்தா குடுத்த ஆள்ர பேரும் சேந்துதான் வருமாம். சனலை மூடின அண்டைக்கே பாத்திட்டா. எனக்கும் போன கிழமைதான் சொன்ன.”

“அப்ப இவ்வளவு நாளும்...”

“‘அவர்ர கூட்டாளிட குரலை ஆரோ களவெடுத்தாண்டு நினைச்சித்தானே செஞ்சிரிக்கார். கேட்டு வெக்கப்படுத்த வேணாம்’ எண்டா.”

அந்த நாட்களில் எல்லாம் அவர் வீட்டிலிருந்து எங்களுக்குப் பதில் கறி வந்துகொண்டுதான் இருந்தது. நான் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். முகத்தைக் கழுவப்போய்க் கிணற்றடியில் நின்று அழுதேன்.

டிசெம்பர் 30, செவ்வாய்

கடற்கரையில் பாடம் எடுத்தோம். றாஹிலா கைப்பேசியைப் பிடித்தாள். “என்ன புள்ளையள், சாப்பிட்டீங்களா?” என்று தொடங்கிவிட்டேன். பழக்கம்.

“நிப்பாட்டு,” என்றேன். “அது அவன்ட.”

திரும்ப எடுத்தோம். “நான் ஜவாத்,” என்று தொடங்கினேன்.