உன் அண்ணன் தோட்டத்துக் கீரை

தோழி,

இன்று வேனின் பின்கதவைத் திறந்ததும் ஈர மண்ணும் கோழி எருவும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. உனக்குத் தலைவலி வரவைக்கும் அதே வாடை. நீ போன பிறகு சுகாதாரத் துறையில் உன் இடத்துக்கு யாரையும் போடவில்லை. திரிங்காப் மலைச் சரிவுகளில் நான் தனியாகத்தான் ஏறி இறங்குகிறேன். முழங்கால் முன்போல் இல்லை.

ஒரே தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் வளர்ந்த நமக்கு ஒரே வேலையும் வாய்த்தது. காய்கறியைப் பிடுங்கிப் பையில் கட்டி, ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் இருக்கின்றனவா என்று பார்க்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். "முடிவு வர்றதுக்குள்ள கீரை யாரு வயித்துக்கோ போயிருக்கும் லா," என்று சலித்துக்கொள்வாய். சலித்துக்கொண்டே அடுத்த பாத்தியில் இறங்குவாய்.

ஒரு மாதம் உன் அண்ணன் தோட்டத்தின் முறை வந்தது. தேயிலை வேலையை விட்டு, நிலத்தை வாடகைக்கு எடுத்து, அவர் முதன்முதலாகச் சொந்தமாகப் போட்ட கீரை அது.

"என் கீரையையே பிடுங்குறியா?" என்றார்.

"எல்லார் கீரையையும்தாண்ணே பிடுங்குறேன். உன்னோடத விட்டுட்டு மத்தவங்க தோட்டத்துல எப்படிக் கால் வைப்பேன்?" என்றாய்.

காட்மியம் அளவைத் தாண்டியிருந்தது. மலிவாக வாங்கிப் போட்ட உரத்திலிருந்து வந்திருக்கலாம் என்றார்கள். அறுவடையை நிறுத்தச் சொன்னார்கள். அவர் முற்றிய கீரையை மண்ணோடு மண்ணாக உழுதார். அதன்பின் உன்னோடு பேசவில்லை. கிறிஸ்துமஸுக்கு நீ கேக் கொண்டுபோனபோது அண்ணி வாசலிலேயே வாங்கிக்கொண்டார். திரும்பும்போது வேனை நான்தான் ஓட்டினேன். நான் ஆறுதலாக ஏதோ சொல்ல வந்தேன்.

"கோவம் வராதா பின்ன? நீ ரோட்டைப் பாத்து ஓட்டு," என்றாய்.

நீ படுக்கையில் விழுந்தபோதும் அவர் வரவில்லை. கல்லறைக்கு வந்தார். எல்லாரும் கலைந்த பிறகும் மழையில் நின்றுகொண்டிருந்தார்.

இன்று காலை மறுபடியும் அவர் தோட்டம். நான் ஓரத்துப் பாத்தியில் குனிந்தேன்.

"அங்க வேணாம் தங்கச்சி," என்றார். "அது புது மண்ணு. நடுவுல எடு. பழைய உரம் அங்கதான் நெறைய விழுந்துச்சு." கையை நீட்டிக் காட்டி, "அவ இருந்தா அங்கதான் எடுப்பா," என்றார்.

நடுப் பாத்தியில் எடுத்தேன். அவர் பையை விரித்துப் பிடித்தார்.

முடிவு எப்படி வருமோ தெரியாது. அந்த உரம் இன்னும் கடையில் கிடைக்கிறது. கீரை ஏற்றிய லாரிகள் மலையிறங்கிப் போய்க்கொண்டேதான் இருக்கின்றன. அலுத்துப்போய், ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்காரலாம் என்று பல நாள் நினைத்தாயிற்று. ஆனால் அவரே கை நீட்டிக் காட்டும் இடத்தில் குனிய ஓர் ஆள் வேண்டும். நீ எனக்கு விட்டுப்போனது அதுதான். முழங்காலைத் தேய்த்துக்கொண்டு அடுத்த தோட்டத்துக்கு ஏறினேன்.