ஜப்பான் அடுப்பின் இருபது ஓம்

11 அக்டோபர் 1943, திங்கள்

விடியலிலிருந்து மழை. வருஷத்தை 2603 என்று எழுத ஜப்பான்காரர் உத்தரவு. என் டைரியில் 1943தான்.

நேற்று மாலையும் தோட்டத்துத் துரை பங்களா இருண்டது. இப்போது அங்கே இருப்பவர் ஜப்பான் அதிகாரி. பேக்டரியில் பங்களா லைனின் பத்து ஆம்பியர் பியூஸ் மறுபடி உருகிவிட்டது. கரண்டு எஞ்சின் பார்ப்பவன் என் மகன் ஆரோக்கியம். அதிகாரியிடம் கன்னத்தில் அறை வாங்கியவனும் அவனே. யாரோ ரேடியோவை ஒளித்து வைத்துக் கரண்டு திருடுகிறார்களாம், இவன் உடந்தையாம். இன்னொரு தடவை இருண்டால் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு அனுப்பிவிடுவார்களாம். எங்கள் லைன் வீடுகளிலிருந்து போனவர்கள் ஒருவரும் திரும்பவில்லை.

அவனுக்கு இடது காது வீக்கம். உப்பு ஒத்தடம். மரவள்ளிக் கஞ்சி வைத்தேன், தொடவில்லை.

12, செவ்வாய்

மழை. கங்காணி முனியாண்டி வந்தார்.

"தடிச்ச கம்பியா போட்டு உடுங்க தம்பி. எவன் பாக்கப்போறான் லா."

"பியூஸ் உருகாது, கங்காணி. சுவத்துக்குள்ள ஒயர் எரியும். பங்களாவே எரிஞ்சா நீங்க பதில் சொல்றீங்களா?" என்றேன்.

"அம்மாகிட்ட பேசி யாரு ஜெயிச்சா" என்று குடையை எடுத்துக்கொண்டார்.

அதிகாரி தம் ஊரிலிருந்து கொண்டுவந்த கரண்டு அடுப்புகள் இரண்டு, குளிர் காய. போடுவது ஒன்றைத்தான். தகட்டில் ஜப்பான் எழுத்து, எண்கள் மட்டும் நம் எண்கள். ஆரோக்கியம் பார்த்து வந்தான்: 100 வோல்ட், 5 ஆம்பியர். பெருக்கினால் 500 வாட். இதற்குப் பியூஸ் உருகாதே. மீதிக் கரண்டு எங்கே போகிறது? உண்மையிலேயே யாராவது ரேடியோ… ஜெபமாலையில் மணி தவறியது.

13, புதன்

"அடுப்பு போட்டா ஆம்பியர் முள் எவ்வளவு ஏறுது?"

"பதினொண்ணும்மா."

"வோல்ட்?"

"எப்பவும் போல எரநூத்தி இருபது."

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை, இவன் அப்பா சொல்லித்தந்தது. 220-ஐ 11-ஆல் வகுத்தேன். 20 ஓம். தகட்டின் 100-ஐ 5-ஆல். அதுவும் 20. கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன், சரி. திருடன் இல்லை. அவர்கள் ஊரில் நூறு வோல்ட் போலும். இங்கே இரு மடங்குக்கு மேல். தடை மாறாது, அதனால் கரண்டும் அதே மடங்கு ஏறும். 220 × 11 = 2420 வாட், 500 இருக்க வேண்டிய இடத்தில். விளக்குகளும் சேர்ந்தால் பியூஸ் என்ன செய்யும்.

"அவர்கிட்ட சொல்லிடவாம்மா?"

"தப்பு உங்களுதுன்னா? அடுத்த காதும் வீங்கும்."

14, வியாழன்

இரண்டு அடுப்பையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்துவிட்டான், நான் சொன்னபடி. 40 ஓம், ஐந்தரை ஆம்பியர். ஆளுக்குப் பாதி வோல்ட். எரிந்தால் இரண்டும் எரியும். ஒன்றைக் கழற்றினால் மற்றதும் எரியாது. அதுதான் உறுத்தல்.

அதிகாரிக்குச் சந்தோஷம். ஆரோக்கியத்துக்கு ஒரு சிகரெட். கங்காணியிடம் கொடுக்கச் சொன்னேன்.

17, ஞாயிறு

இன்றும் பூசைக்குப் போகவில்லை. வழியில் ஜப்பான் காவல், குனிந்து வணங்க வேண்டும். அவர்கள் வந்ததிலிருந்து வீட்டை விட்டு இறங்கவில்லை.

மாலை பங்களாவில் சமைக்கும் குசினிக்காரர் சவரி ஓடிவந்தார். "ஒரு அடுப்பைத் தானா ராத்தா டவுன்ல இருக்கிற கூட்டாளிக்குக் குடுத்து அனுப்பிட்டாரும்மா. மிச்சம் இருக்கிறது எரியல. ஒயரை அறுத்தவன் எவன்னு கத்துறாரு. தம்பியைப் பிடிச்சு முட்டி போட வச்சிருக்காங்க."

அங்கே பேச்சை மொழிபெயர்க்கும் துபாசிக்கு இங்கிலீஷ் தெரியும், எனக்கும் தெரியும், ஆரோக்கியத்துக்குத் தெரியாது. கணக்கைத் தாளில் எண்களாகவே எழுதிக்கொண்டேன், அடித்தல் திருத்தல் இல்லாமல். பங்களாவுக்குப் போக வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டேன். சவரி வாசலில் குடையோடு நிற்கிறார்.

எவ்வளவு குனிய வேண்டும் என்று அவரிடம் கேட்டேன்.

"இடுப்பு வரைக்கும்மா."

பழகிப் பார்க்க நேரமில்லை.