குமரிக் கரையில் கேட்ட குரல்

தை 3, திங்கள்

விடியக் காத்தால நல்ல பனி. கன்னியாகுமரிக்கு ராயபுரத்துல கிளம்பும்போது மணி அஞ்சு. உலகச் சண்டை முடிஞ்சு மிலிட்டரி ஏலத்துல முதலாளி எடுத்த வேன். தினமும் துறைமுகத்துக்கு மூட்டை அடிக்கற வண்டி, ஒரு வாரம் என் கையில.

எடுத்துகினது: ஸ்டெப்னி 1, பஞ்சர் சாமான், தண்ணி டின் 2, புளிசோறு. எங்க குப்பத்து மாணிக்கம் பொண்டாட்டி கருவாட்டு டப்பா வேற. வேணாம்னேன். கேட்டாத்தானே. செங்கல்பட்டு தாண்டறதுக்குள்ள வேன் பூரா நாத்தம்.

மாணிக்கம் குடும்பத்தோட பதினோரு பேர். அவன் தங்கச்சி பூங்காவனம் கடைசி சீட்டு, ஜன்னலோரம். தை 20 எனக்கும் அவளுக்கும் கல்யாணம். அவளுக்கு ரெண்டாவது. முதல் புருஷன் ஏகாம்பரம் என் தோஸ்து. மூணு வருஷம் முன்னாடி எண்ணூர் பக்கம் கடல்ல போனவன். கட்டுமரம் மட்டும் கரை ஒதுங்கிச்சு.

கண்ணாடியில பார்த்தேன். ரெண்டு தரம் சிரிச்சா.

தை 5, புதன்

வெயில். கயத்தாறு கிட்ட ரேடியேட்டர் கொதிச்சு ரெண்டு மணி நேரம் பேஜாரு. திருவிதாங்கூர் எல்லைச் சாவடியில சிப்பாய் கருவாட்டு டப்பாவைத் திறந்தான். மூக்கைப் பொத்திகினு, போ போன்னுட்டான். மாணிக்கம் பொண்டாட்டிக்கு ஒரே பெருமை.

மலை, தென்னை, வாழை. அப்புறம் திடீர்னு கடல். யம்மாடி, என்னா நீலம்! நம்ம ஊருலயும் கடல்தான் கீது, இந்த மாதிரி ஒரு நாள் பார்த்தது கிடையாது. பூங்காவனம் மட்டும் முந்தானையை இழுத்துப் போத்திகினு உள்பக்கம் திரும்பிகினா.

தை 6, வியாழன்

காலையில எல்லாரும் சூரியன் பார்த்தோம். பூங்காவனம் தண்ணியில கால் வச்சா. மூணு வருஷமா கடல்ல கால் வைக்காதவ. எனக்கு மனசு நெறஞ்சு போச்சு.

மீன் வாங்கலாம்னு படகுங்க நிக்கற பக்கம் தனியாப் போனேன். அந்த ஊர்ப் பேச்சு பாதி புரியல. அதுக்கு நடுவுல நம்ம ஊர்ப் பேச்சுல ஒரு குரல்:

"இன்னா மாமு, இத்த கொஞ்சம் புடி. கனமா கீது."

எழுத்து கோணிகினு போவுது.

ஏகாம்பரம். உயிரோட. அவனேதான். இடுப்புல அதே மாதிரி தூக்கிக் கட்டின லுங்கி. பக்கத்துல நின்னவன் கை கொடுக்க, கூடையை இறக்கி வச்சான். ஒரு சின்னப் பொண்ணு ஓடி வந்து "அப்பா"ன்னு காலைக் கட்டிகிச்சு. பின்னாலயே அதோட அம்மா.

படகு மறைவுல நின்னுட்டேன். கூப்பிடல.

கடல்ல போனவன் உடம்பு கிடைக்கலன்னா எங்க குப்பத்துல வைக்கோல்ல ஆள் கட்டி, அவன் வேட்டியைச் சுத்தி, பாடையில தூக்குவாங்க. இவனுக்கும் தூக்கினோம். நான் தோள் கொடுத்தேன்டா பாவி! அன்னிக்குத்தான் பூங்காவனம் தாலியை அறுத்தாங்க.

"மீன் எங்கே?"ன்னா பூங்காவனம். கிடைக்கலன்னேன்.

தை 7, வெள்ளி

ஊருக்குத் திரும்பக் கிளம்பியாச்சு. மேகமூட்டம்.

சொன்னா கல்யாணம் போச்சு. புருஷன் உயிரோட இருக்கறவளை எவன் கட்டி வைப்பான்? சொல்லலைன்னா இன்னும் பதிமூணு நாள், அவ எனக்கு. யாருக்குத் தெரியப் போவுது? இதை எழுதறதுக்கே வெக்கமா கீது.

மாணிக்கம்: "இன்னாடா கோயிந்து, பேய் அடிச்சாப்ல கீறே?"

தூக்கம் இல்லைன்னேன்.

தை 8, சனி

விழுப்புரத்துக்கு இந்தாண்ட பின் டயர் பஞ்சர். எல்லாரும் புளியமரத்தடியில சோத்து மூட்டையைப் பிரிச்சாங்க. பூங்காவனம் எனக்குச் சொம்புல தண்ணி கொண்டாந்தா. சுத்தி யாரும் இல்லை. ஜாக்கியைப் பார்த்துகினே சொல்லிட்டேன். "ஏகாம்பரம் சாவல. கன்னியாகுமரியில கீறான். பொண்டாட்டி, புள்ளையோட."

சொம்பு ஆடக்கூட இல்லை.

"தெரியும். பாத்தேன்."

ஜாக்கி பிடியை விட்டுட்டு அவளைப் பார்த்தேன்.

"நீ மீனுக்குப் போனியே, உன் பின்னாடியே வந்தேன். படகாண்ட நீ நின்னுகினு இருந்தே. அவனையும் பாத்தேன், உன்னையும் பாத்தேன்."

"போய் கேக்கலையா நீ?"

"இன்னா கேக்கறது? ஏன் சாவலன்னா?"

அப்பவும் அழல. எனக்குத்தான் கண்ணுல தண்ணி.

"ரெண்டு நாளா உன் வாயையே பாத்துகினு வரேன்யா. சொல்லுவியா மாட்டியான்னு. விழுப்புரம் வரைக்கும் ஆச்சு உனக்கு."

"கல்யாணம்?"னேன்.

"அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கறேன். அவன் கட்டின தாலியை அறுத்துட்டேன், அறுத்தது அறுத்ததுதான். உன்னைக் கட்டிக்கறேன். ஆனா ஒண்ணு. உனக்கும் என்னிக்காச்சும் போவணும்னு தோணிச்சுன்னா, என் மூஞ்சியப் பாத்து சொல்லிட்டுப் போ. செத்துட்டாப்ல போவாதே."

சொம்பை வாங்கிகினு வேன்ல ஏறிட்டா.

டயரை மாட்டிக் கிளப்பினேன். திண்டிவனத்துல இறங்கிப் பார்த்தா, ரெண்டு நட்டை முடுக்கவே இல்லை.