முதலில் வகை, பிறகு வாக்கியம்

நவம்பர் 5, செவ்வாய்

துறைமுகக் கன்ட்ரோல் ரூமில் இன்று என் மனைவிக்கு நல்ல பாட்டு. உள்ளே இடமில்லை, ஒரு கப்பலை வெளியே நிறுத்த வேண்டும். இவள் ரேடியோவில், ஆங்கிலத்தில், "கொஞ்சம் கழிச்சு வந்தீங்கன்னா நல்லா இருக்கும்னு நினைக்கிறேன்" என்றிருக்கிறாள். கேப்டன் நன்றி சொல்லிவிட்டு நேராக உள்ளே வந்துவிட்டார்!

"ஆணை போடுறியா, அபிப்பிராயம் சொல்றியா?" என்று கேட்டாராம் அறைத் தலைவர். வருஷக் கடைசி வரை பார்ப்பார்கள். தேறாவிட்டால் பழையபடி கேட் பாஸ் அடிக்கும் மேஜைதான். எவ்வளவு ஆசைப்பட்டுப் பரீட்சை எழுதி வாங்கிய இடம்!

சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. எனக்கு உயிர்மேல் ஆசை உண்டு.

நவம்பர் 6

இவள் புலம்பல்: "ஸ்கூல்ல நாலு வகை வாக்கியம் படிச்சோம். சொல்றது, கேக்கறது, ஏவறது, வியக்கறது. இங்கிலீஷ் பரீட்சையில ஏவறதை ஒண்ணுகூட தப்பா எழுதல. இப்போ வாயில வரமாட்டேங்குது. வயசுல பெரியவர், அவ்ளோ பெரிய கப்பல். நில்லுன்னு எப்படிச் சொல்றது?"

வீட்டிலும் இவள் மூக்கைச் சுற்றி வளைத்துத்தான் தொடுவாள். அம்மா சொல்கிறாள்: "உன் பொண்டாட்டி என்கிட்ட ஒரு வேலை சொன்னதில்லடா. ஆனா எல்லாத்தையும் நான்தான் செய்யறேன். எப்படின்னுதான் புரியல."

நவம்பர் 10, ஞாயிறு

கடலில் ஒரு வழக்கம். ரேடியோ கரகரக்கும், பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் ஆங்கிலம் அரைகுறை. அதனால் வாக்கியத்தின் வகையை முதலில் சொல்லிவிடுவார்கள். "கொஸ்டின்" என்றுவிட்டுக் கேள்வி. "வார்னிங்" என்றுவிட்டு எச்சரிக்கை. "இன்ஸ்ட்ரக்‌ஷன்" என்றுவிட்டு ஆணை. வியப்புக்கு மட்டும் அங்கே வேலை இல்லை. இதை வீட்டிலேயே பழகப்போகிறாளாம்.

"இன்ஸ்ட்ரக்‌ஷன். ஈரத்துண்டைக் கட்டில்ல இருந்து எடுங்க."

எடுத்தேன். அம்மாவுக்குத்தான் கொண்டாட்டம். "கொஸ்டின். இந்த வீட்டுல டீ உண்டா இல்லையா? வார்னிங். எனக்குக் கோபம் வருது."

நவம்பர் 21

வேலையில் இன்னும் திணறல். "இன்ஸ்ட்ரக்‌ஷன்" என்று கம்பீரமாக ஆரம்பித்து, "தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்று முடித்திருக்கிறாள். பாவம், சாப்பிடாமல் படுத்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவினேன்.

நவம்பர் 29

வழி கண்டுபிடித்துவிட்டாள்! "இங்கிலீஷ்ல 'நில்லு'வும் 'நில்லுங்க'வும் ஒண்ணுதானே. மனசுக்குள்ள ஒரு 'ங்க' போட்டுக்கறேன். மரியாதைக்கு மரியாதையும் ஆச்சு."

இந்த மூளை யாருக்கு வரும்? எனக்கு வராது.

டிசம்பர் 13, வெள்ளி

தூங்குவதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

காலையில் மூடுபனி. நான் வேலை பார்க்கும் இழுவைப்படகு துறைமுகக் கால்வாய் நடுவில் இருந்தபோது எஞ்சின் நின்றுவிட்டது. ஒரு பெரிய கப்பல் உள்ளே வந்துகொண்டிருந்தது. பனியில் அதன் சங்கு மட்டும் கேட்டது, கிட்டே, இன்னும் கிட்டே. படகை ஓட்டும் எங்கள் மாஸ்டர் ரேடியோவில் கத்தினார். பதிலுக்கு அவள் குரல். நான் இந்தப் படகில் இருப்பது அவளுக்குத் தெரியும்.

அவள் எங்களிடம் பேசவில்லை. அந்தக் கப்பலிடம் பேசினாள். "வார்னிங். கால்வாயில் ஓடாத படகு, உங்களுக்கு நேர் முன்னால். இன்ஸ்ட்ரக்‌ஷன். எஞ்சினைப் பின்னோக்கிப் போடு, நங்கூரத்தை இறக்கு. கொஸ்டின். என்ன செய்யப்போகிறாய்?"

வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. கேப்டன் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னார். சங்கிலி இறங்கும் சத்தம் கேட்டது. பனி கொஞ்சம் விலகியபோது கப்பலின் மூக்கு எங்கள் தலைக்கு மேலே நின்றது.

என்ன பொம்பளைடா இவ! நான் இத்தனை வருஷம் யாரோட குடித்தனம் பண்ணிட்டிருந்தேன்?

டிசம்பர் 14

வீட்டுக்கு வந்தவள் நேற்றைப் பற்றி வாயே திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வேலையை விட்டுக் கடை வைத்த கதையை ஒரு மணி நேரம் சொன்னாள். கடலைவிடக் கடை நல்லது என்று அம்மாவும் தலையாட்டினாள். புரிந்தது, நான் படகை விடவேண்டுமாம். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் அழுதாள்.

டிசம்பர் 31

அவளுக்குக் கன்ட்ரோல் ரூம் வேலை நிரந்தரம்.

ஜனவரி 7, செவ்வாய்

இன்றும் பனி. மாஸ்டர் புறப்பட மனமில்லாமல் கரையிலேயே நின்றார். "ஆகட்டும், பொறுத்துப் பாக்கலாம்" என்று டீயும் சொல்லிவிட்டார். ரேடியோவில் காலை ஷிப்ட் மாறியது. அவள் குரல். மாஸ்டர் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார்.

அவிழ்த்தேன்.